இறுக்கினால் இடம் மாறும்

2020 மார்ச்சில் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் வாகனங்களுக்கு அந்தக் கதவு மறுபடி திறந்தது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட காலத்தில் மன்னார்த் தீவின் மோட்டார் சைக்கிள்களுக்கு வயது ஏறிக்கொண்டே போனது. புதிது வாங்க நினைத்தவர்களும் இருந்ததையே திருத்தித் திருத்தி ஓடினார்கள். எஞ்சினுக்குள் தேய்ந்தது வெளியில் தெரிவதில்லை. கண்ணுக்குத் தெரிவது முன்கவரும், வைசரும், பெற்றோல் தாங்கியின் இரு பக்கத் தகடுகளும். தலைமன்னார் வீதியில் ஒரு மாடு குறுக்கே வந்தாலே போதும், முதலில் உடைவது அவைதான். உடைந்த கவருக்குப் பதிலாகக் கடையில் கிடைத்த வேறொன்று, சில வேளை வேறு மாடலுக்குச் செய்தது, துளை கொஞ்சம் பெருப்பித்து, ஒரு இரும்புப் பட்டையை வளைத்துப் பூட்டப்படும். பூட்டிய அன்றைக்கே அதுவரை இல்லாத ஒரு இரைச்சல் கூடவே வரும்.

"அண்ணை, ஐம்பதில போகேக்க முன்னுக்கு உதறுது. இன்னும் கொஞ்சம் இறுக்கிவிடுங்கோ."

கராஜில் பத்தாம் நம்பர்ச் சாவி எடுக்கப்படும். இறுக்கியதும் ஐம்பதில் சத்தம் போய்விடும். பொடியன் சந்தோஷமாகப் போவான். பேசாலை தாண்டும்போது அறுபதில் அதே சத்தம், இம்முறை இன்னும் கீச்சென்று. திரும்பி வந்து மறுபடி இறுக்குவார்கள். மூன்றாம் முறை போல்ட்டின் தலைக்கடியில் பிளாஸ்டிக் மயிரிழையாக வெடித்திருக்கும்.

இறுக்கியதால் அதிர்வு நிற்கவில்லை, இடம் மாறியது. எங்கே மாறவேண்டும் என்று முதலில் தீர்மானித்துவிட்டு இறுக்குகிறோமா என்பதில்தான் வைத்தியம் இருக்கிறது. அந்தத் தீர்மானத்துக்குத் தேவையான அறிவியல் அவ்வளவு கடினமானதல்ல. ஆனால் அது எஞ்சினிலிருந்து தொடங்குகிறது.

நம் வீதிகளில் ஓடும் மோட்டார் சைக்கிள்களில் மிகப் பெரும்பாலானவை ஒற்றைச் சிலிண்டர். 150 சிசி எஞ்சின் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பிஸ்டனின் மேல் கீழ் ஓட்டம் 56 மில்லிமீற்றர். பிஸ்டன், வளையங்கள், ஊசி, இணைதண்டின் மேற்பாதி எல்லாம் சேர்த்து 200 கிராம் என்று வைப்போம். நிமிடத்துக்கு 6000 சுழற்சியில் அந்த 200 கிராம் ஒரு நொடியில் 100 முறை மேலே போய்க் கீழே வருகிறது. ஒவ்வொரு முறையும் உச்சியில் அதை நிறுத்தித் திருப்ப வேண்டும். அதற்கு வேண்டிய விசையைக் கணக்கிட்டால் சுமார் 2200 நியூட்டன் வருகிறது. இரண்டேகால் குவின்டால் எடையை நொடிக்கு நூறு தடவை மேலும் கீழுமாக உதறுவதற்குச் சமம் அது. அதே வண்டியை 3000 சுழற்சியில் ஓட்டினால் விசை பாதியாகாது, நாலில் ஒன்றாகும், ஏனென்றால் அது வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுகிறது. வண்டி மெதுவாகப் போகும்போது சாதுவாக இருந்துவிட்டு ஒரு வேகத்துக்கு மேல் திடீரென்று ஆளே மாறிவிடுவதற்கு இது ஒரு காரணம்.

கிராங்க் தண்டில் எதிர்ப்பாரம் வைத்து இந்த விசையைச் சமன் செய்யலாமே என்று கேட்கலாம். வைக்கிறார்கள். ஆனால் எதிர்ப்பாரம் வட்டமாகச் சுழல்கிறது, பிஸ்டனோ நேர்கோட்டில் ஓடுகிறது. மேல் கீழ் உதறலை முழுவதும் அடக்கும் அளவுக்குப் பாரம் வைத்தால் அதே விசை முன் பின் உதறலாக வெளிப்படும். ஆகவே ஏறத்தாழப் பாதியை அடக்கி, மீதியை விட்டுவிடுகிறார்கள். அந்த மீதியையும் அடக்க எதிர்த்திசையில் சுழலும் தனித்தண்டு ஒன்று வேண்டும். இங்கிலாந்துப் பொறியியலாளர் ஃபிரெடரிக் லான்செஸ்டர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சமநிலைத் தண்டு என்ற எண்ணத்தை உருவாக்கினார். சென்னையில் செய்யப்படும் ராயல் என்ஃபீல்டின் 350 சிசி வண்டிகளுக்கு அது வந்து சேர்ந்தது 2020இல், மீட்டியோர் என்ற மாடலோடு. பழைய புல்லட்டையும் மீட்டியோரையும் அடுத்தடுத்து ஓட்டியவர்களுக்கு அந்த ஒரு தண்டின் அருமை உள்ளங்கையிலேயே தெரியும். 1967இல் வந்த நோர்ட்டன் கொமாண்டோ வேறொரு வழியில் போனது. எஞ்சினை அடக்க முயலாமல், எஞ்சினையும் பின்சில்லையும் ஒன்றாக றப்பரில் தொங்கவிட்டு, மேல் கீழாக உதற விட்டது. பக்கவாட்டில் மட்டும் அசையாமல் பிடித்துக்கொண்டது. உதறுபவனை உதற விடு, உட்கார்ந்திருப்பவனுக்கு அது போய்ச் சேராமல் பார்த்துக்கொள் என்ற அந்த யோசனைக்கு நாம் பிறகு திரும்புவோம்.

சாவியைக் கையில் எடுக்கும் முன் செய்யவேண்டிய வேலை ஒன்று உண்டு. பலர் அதைச் செய்வதில்லை. கவரை உதறுவது யார் என்று கண்டுபிடிப்பதுதான் அது. மூன்று பேர் உதறலாம்: எஞ்சின், வீதி, காற்று.

வண்டியை நிறுத்தி, கியரில்லாமல் எஞ்சினை மெல்ல முறுக்குங்கள். நிற்கும்போதே சத்தம் வந்தால் எஞ்சின். ஓடும்போது மட்டும் வருகிறதென்றால், வெறுமையான நேர் வீதியில் அதே வேகத்தில் ஒரு கியர் மாற்றிப் பாருங்கள். கியரோடு சத்தமும் மாறினால் அப்போதும் எஞ்சின்தான். கியர் மாறியும் சத்தம் மாறாவிட்டால் சில்லையோ வீதியையோ காற்றையோ சந்தேகிக்க வேண்டும். 60 கிலோமீற்றர் வேகத்தில் சில்லு நொடிக்கு ஒன்பது முறை சுற்றுகிறது. ரயரில் ஒரு பக்கம் பாரம் கூடினால் கவர் இரையாது, ஒன்பது முறை தலையாட்டும்.

வீதி உதறுவதற்கு மன்னாரில் நல்ல இடங்கள் நிறைய இருக்கின்றன. ஏ14, ஏ32 போன்ற பெரிய வீதிகள் தார் போட்டு வழவழப்பாகிவிட்டன. ஆனால் அவற்றிலிருந்து கடற்கரைக்கும் குளத்துக்கும் பிரிந்து போகும் மண் வீதிகளிலும் கிரவல் வீதிகளிலும் குறுக்காக வரிவரியாக மேடு பள்ளம் விழுந்திருக்கும். வரிக்கும் வரிக்கும் எழுபது சென்ரிமீற்றர் இடைவெளி என்று வைத்து ஐம்பதில் ஓடினால் நொடிக்கு இருபது இடி. இந்த வரிகள் எப்படி உண்டாகின்றன என்பதே தனி ஆராய்ச்சி. டபர்லே, மொரிஸ், மக்எல்வேன் என்ற மூவர் 2007இல் ஒரு சுழலும் வட்ட மேடையில் மணலைப் பரப்பி, அதன்மேல் ஒரு சில்லை உருட்டிப் பார்த்தார்கள். சில்லுக்கு ஸ்பிரிங்கே இல்லாவிட்டாலும், ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினால் வரிகள் தாமாகவே எழுந்தன. வண்டிகளின் ஷொக் அப்சோர்பரைக் குறை சொல்லி வந்த பழைய விளக்கம் முழு விளக்கமல்ல என்று அதனால் தெரிந்தது. மணலுக்கும் உருளும் சில்லுக்கும் இடையிலேயே அந்தக் குணம் இருக்கிறது.

மூன்றாவது, காற்று. மே மாதம் தொடங்கிச் செப்டெம்பர் வரை சோளகம் வீசும் கரை இது. கடல்வழிப் பாலத்தில் தள்ளாடியிலிருந்து மன்னார் பட்டினத்துக்குப் போகும்போது வீதி வடமேற்கை நோக்குகிறது, காற்று தென்மேற்கிலிருந்து இடப்பக்கமாக அறைகிறது. திரும்பி வரும்போது அதே காற்று வலப்பக்கம். போகும்போது வைசரின் இடது விளிம்பு படபடத்து, வரும்போது வலது விளிம்பு படபடத்தால் வேறு சாட்சி தேவையில்லை. இன்னொரு சோதனைக்கு வங்காலைப் பக்கம் தெற்கே போகும் வீதி நல்லது. போகையில் காற்று சாய்வாக எதிரே, வருகையில் சாய்வாக முதுகில். வேகமானியில் இரண்டுக்கும் ஒரே அறுபதுதான், ஆனால் கவருக்கு இரண்டும் ஒன்றல்ல. காற்று அமைதியாக இருக்கும்போது அறுபதில் ஓடினால் ஒரு சதுர மீற்றருக்கு சுமார் 167 நியூட்டன் அழுத்தம். நாற்பது கிலோமீற்றர் எதிர்க்காற்று சேர்ந்தால் அது 460ஐத் தாண்டுகிறது, ஏறக்குறைய மும்மடங்கு. காற்றில் படபடப்பது விளிம்பு பிடிப்பில்லாமல் நிற்பதால். எஞ்சினுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அந்த விளிம்புக்குக் கீழே ஒரு தாங்கல் வைத்தால் நின்றுவிடும். அதைவிட்டு வேறெங்கோ இருக்கும் நட்டை இறுக்குவது வீண் வேலை.

பெரும்பாலான வேளைகளில் உதறுபவன் எஞ்சின்தான். அங்கேதான் இறுக்குதல் பற்றிய விஷயம் சூடு பிடிக்கிறது.

எந்தப் பொருளையும் தட்டிவிட்டால் அது தனக்கென்று உள்ள ஒரு வேகத்தில் அதிரும். கவர் ஒரு பாரம், அதைத் தாங்கும் பட்டை ஒரு ஸ்பிரிங். ஸ்பிரிங் விறைக்க விறைக்க அதிர்வெண் ஏறும், பாரம் கூடக் கூட இறங்கும். மன்னார்க் கூத்து மேடையில் மத்தளக்காரர் வாரை இறுக்கும்போது நடப்பதும் இதுதான்: சுருதி ஏறுகிறது, மத்தளம் ஊமையாகிவிடுவதில்லை. போல்ட்டை இறுக்கியதும் ஐம்பதில் இருந்த சத்தம் அறுபதுக்குப் போனதன் காரணம் அதுவே. எஞ்சின் தரும் உதறலின் அதிர்வெண்ணும் கவரின் சொந்த அதிர்வெண்ணும் எந்த வேகத்தில் ஒன்றையொன்று சந்திக்கின்றனவோ, அந்த வேகத்தில் கவர் பேயாட்டம் ஆடும். இதற்கு ஒத்ததிர்வு என்று பெயர்.

அதனால் முதற் கேள்வி, நான் எந்தச் சுழற்சி வேகத்தில் அதிக நேரம் ஓடுகிறேன் என்பது. இலங்கையில் ஊர்மனைக்கு வெளியே மோட்டார் சைக்கிளுக்கு எல்லை மணிக்கு 70 கிலோமீற்றர். ஐம்பது அறுபதில் உயர் கியரில் ஓடும்போது எஞ்சின் 4500 சுழற்சி என்று கொள்வோம். அது நொடிக்கு 75 உதறல். கவரின் சொந்த அதிர்வெண்ணும் 75 என்றால் நாள் முழுக்க இரைச்சல்தான். இப்போது கவரைத் தாங்கும் இரும்புப் பட்டையை எடுத்துப் பாருங்கள். 3 மில்லிமீற்றர் தடிப்பம். அதற்குப் பதிலாக 4 மில்லிமீற்றர் பட்டை போட்டால் என்ன நடக்கும்? பட்டையின் விறைப்புத் தடிப்பத்தின் கனத்தோடு ஏறும். மூன்றிலொரு பங்கு தடிப்பம் கூட்டினால் விறைப்பு இரண்டேகால் மடங்கையும் தாண்டுகிறது. அதிர்வெண் அதன் வர்க்கமூலத்தோடுதான் ஏறும் என்பதால், 75 சுமார் 115க்குப் போகிறது. 115 என்றால் எஞ்சின் 6900 சுழற்சி. உயர் கியரில் எழுபதுக்குள் ஓடுபவர் அந்த இடத்தை அனேகமாகத் தொடமாட்டார். தடிப்பம் கூட்ட மனமில்லையா, பட்டையின் நீளத்தில் ஐந்தில் ஒன்றைக் குறைத்தாலும் விறைப்பு ஏறக்குறைய இரட்டிக்கும். இரண்டையும்விட நல்லது, கவர் தொங்கும் பக்கத்தில் இன்னுமொரு பிடிமானம் கொடுப்பது.

போல்ட்டை இறுக்குவதால் கிடைக்கும் விறைப்பு இத்தனை பெரிதல்ல. அது சத்தத்தை ஐம்பதிலிருந்து அறுபதுக்குத் தள்ளும் அளவுக்குத்தான் போதும். நாம் ஓடும் எல்லைக்கு வெளியே தள்ள அதனால் முடியாது. வேண்டிய அளவு தள்ளாமல் அரைகுறையாகத் தள்ளுவதுதான் கராஜ்களில் நான் காணும் பெரும்பாலான தோல்விகளுக்குக் காரணம்.

மன்னாரின் தென்கரையில் நிற்கும் காற்றாலைகளைக் கட்டியவர்களும் இதே கேள்வியைத்தான் கேட்டிருப்பார்கள். 2020 டிசெம்பரில் தொடங்கிவைக்கப்பட்ட இலங்கை மின்சார சபையின் தம்பபவனியில் முப்பது காற்றாலைகள், ஒவ்வொன்றும் 3.45 மெகாவாட், இறக்கைகள் வரையும் வட்டத்தின் விட்டம் 126 மீற்றர். அந்தக் கோபுரங்களும் அசையும், அசையாத கோபுரம் கட்ட முடியாது. சுழலி நிமிடத்துக்கு 12 முறை சுற்றுகிறது என்று வையுங்கள். ஒரு சுற்றுக்கு ஒரு தள்ளு என்றால் 0.2 ஹெர்ட்ஸ். மூன்று இறக்கைகளும் கோபுரத்தின் முன்னால் ஒன்றன்பின் ஒன்றாகக் கடக்கும்போது கிடைக்கும் தள்ளு 0.6 ஹெர்ட்ஸ். பெரிய காற்றாலைகளை வடிவமைப்பவர்கள் கோபுரத்தின் சொந்த அதிர்வெண்ணைப் பொதுவாக இவ்விரண்டுக்கும் நடுவே, இரண்டுமே தொடாத ஒரு இடைவெளியில் வைக்கிறார்கள். கோபுரத்தின் விட்டமும் இரும்பின் தடிப்பமும் அந்த இடைவெளியைப் பார்த்துத் தீர்மானிக்கப்படுபவை.  

மேலே தள்ளுவது ஒரு வழி. மற்றது நோர்ட்டன்காரர்களின் வழி: கீழே இறக்குவது. கவரை மெதுவான ஒன்றில் உட்காரவைத்து அதன் சொந்த அதிர்வெண்ணை 30 ஹெர்ட்ஸ் அளவுக்குக் கொண்டுவந்தால், அது எஞ்சினின் 1800 சுழற்சி. வண்டி புறப்படும்போதே அதைக் கடந்துவிடும். அதைக் கடந்து, அந்த அதிர்வெண்ணின் 1.41 மடங்கைத் தாண்டியதும், எஞ்சின் உதறுவதில் ஒரு பங்குதான் கவருக்குப் போய்ச் சேரும். 75 ஹெர்ட்ஸில் ஐந்திலொன்று. கவரை முப்பதுக்கும் கீழே, இருபதுக்குக் கொண்டுபோனால் இன்னும் நல்லதுதானே என்று தோன்றும். மண் வீதியின் வரிகளை நினைவில் வைத்திருப்பவர் அதைச் செய்யமாட்டார், அங்கே நொடிக்கு இருபது இடி காத்திருக்கிறது.

கம்பனியில் பூட்டி வந்த கவரைக் கழற்றும்போது ஒரு போல்ட்டை மெதுவாக இழுத்துப் பார்த்தால் இந்த ஏற்பாடு முழுவதும் உள்ளங்கையில் விழும். முதலில் அகன்ற வாசர். அடுத்து ஒரு சிறிய இரும்புக் குழாய்த் துண்டு, சுண்டு விரல் நகத்தைவிடச் சின்னது. அதைச் சுற்றி, இடுப்பில் பள்ளம் விழுந்த ஒரு கறுப்பு றப்பர். பிளாஸ்டிக்கின் துளை அந்தப் பள்ளத்தில்தான் உட்காரும், போல்ட்டை அது தொடவே தொடாது. றப்பரின் உயரம் 8 மில்லிமீற்றர் என்றால் குழாய்த்துண்டு 7 மில்லிமீற்றர் இருக்கும். போல்ட்டை எவ்வளவு முறுக்கினாலும் வாசர் குழாயில் முட்டி நின்றுவிடும். றப்பர் அமுங்குவது அந்த ஒரு மில்லிமீற்றர் மட்டும். இறுக்கம் முழுவதும் இரும்பு வழியாகப் போகிறது, கவர் றப்பரில் மிதக்கிறது.

கடைக் கவரில் இருப்பது வெறும் துளை. பழைய கவரிலிருந்து றப்பரைக் கழற்றி மாட்டுபவர்கள்கூட அந்தக் குழாய்த்துண்டைத் தவறவிட்டுவிடுகிறார்கள். எண்ணெய்ப் பிசுக்கோடு மணலில் உருண்டு போய்விடும் சாமான் அது. அது இல்லாமல் இறுக்கினால் றப்பர் கடைசிவரை நசுங்கிக் கல்லாகிவிடும், பிறகு றப்பர் இருந்தும் ஒன்றுதான், இல்லாததும் ஒன்றுதான். 6 மில்லிமீற்றர் போல்ட் நுழையும் பித்தளைக் குழாய் ஒரு சாண் இருந்தால் வேண்டிய துண்டுகளை அரத்தால் அறுத்து எடுத்துவிடலாம். இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு காரியத்தைச் செய்ய நேரமுள்ளவர் இதைச் செய்யட்டும்.

றப்பர் கிடைக்காவிட்டால் பழைய ரியூபை வெட்டி வைப்பது நம் கராஜ்களின் வழக்கம். அதை வக்கற்ற வேலை என்று நினைப்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. கம்பஹா ஹெனரத்கொடைத் தோட்டத்தில் 1876இல் நட்ட கன்றுகளிலிருந்து இயற்கை றப்பருக்குப் பேர்போன நாடு இது. ஆனால் இயற்கை றப்பரின் சிறப்பு அதன் துள்ளல். வாங்கிய சக்தியில் பெரும் பங்கைத் திருப்பித் தந்துவிடும். மோட்டார் வாகன ரியூப்களில் பெரும்பாலானவை பியூற்றைல் என்ற செயற்கை றப்பரால் ஆனவை, காற்றைக் கசியவிடாத குணத்துக்காக. அந்தப் பியூற்றைல் சோம்பேறி. இழுத்து விட்டால் மெதுவாகத்தான் பழைய நிலைக்கு வரும், வாங்கிய சக்தியில் பெரும்பகுதியை உள்ளேயே சூடாக்கிக் கரைத்துவிடும். அதிர்வை அடக்க வேண்டிய இடத்தில் நமக்கு வேண்டியது அந்தச் சோம்பல்தான். வெயிலிலும் ஓசோனிலும் இயற்கை றப்பர் வெடிப்பதைப் போல அது சீக்கிரம் வெடிப்பதுமில்லை. ஒரு துண்டை வெட்டி இழுத்துவிட்டுப் பாருங்கள். சட்டென்று சுருண்டால் வேறு ரியூப் தேடுங்கள்.

பெரிய தகடாக இருக்கும் கவர் பிடிமானங்களில் ஒழுங்காக இருந்தும் நடுவில் மட்டும் அதிர்வதுண்டு. எஞ்சின் ஓடும்போது விரல் நுனியால் தடவிக்கொண்டே போனால் அந்த இடம் தெரிந்துவிடும். நம் தோலுக்கடியில் உள்ள பசீனியன் உணர்கருவிகள் 250 ஹெர்ட்ஸை அண்டிய அதிர்வில் ஒரு மைக்ரோமீற்றருக்கும் குறைந்த அசைவைக்கூடப் பிடித்துவிடும். ஆயிரக்கணக்கில் செலவழித்து ஒரு கருவி வாங்கத் தேவையில்லை. துடிப்பு உச்சமாக உள்ள இடத்தில், உட்புறமாக, பியூற்றைல் துண்டொன்றை ஒட்டி அதன்மேல் மெல்லிய அலுமினியத் தகட்டையும் ஒட்டினால், கவர் வளையும் ஒவ்வொரு முறையும் இரண்டு தகடுகளுக்கு நடுவே றப்பர் இழுபட்டுச் சக்தியைத் தின்னும். விரலுக்கு அசைவே தெரியாத இடத்தில் ஒட்டினால் பாரம் மட்டும்தான் கூடும்.

சத்தம் இருந்தால் இருக்கட்டும், பழகிவிடும் என்று விட்டுவிடுபவர்கள் அடுத்து வருவதைக் கவனிக்க வேண்டும். 75 ஹெர்ட்ஸ் என்பது ஒரு மணி நேரத்தில் 2,70,000 வளைவு. முப்பத்தேழு மணி நேர ஓட்டத்தில் ஒரு கோடி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஜெர்மனியின் ஆகுஸ்ட் வோலர் ரயில் அச்சுகளை வளைத்து வளைத்துச் சோதித்தபோது, ஒரு எல்லைக்குக் கீழே சுமை கொடுத்தால் இரும்பு எத்தனை முறை வளைந்தாலும் உடைவதில்லை என்று கண்டார். அந்த நல்ல செய்தி உலர்ந்த இடத்துக்கு உரியது. உப்பு ஈரம் பட்டுக்கொண்டே வளையும் இரும்புக்கு அப்படி ஒரு பாதுகாப்பான எல்லை கிடையாது. உப்பளங்களுக்கும் கடலுக்கும் நடுவே தினம் ஓடும் வண்டியின் பட்டைக்கு, உள்நாட்டில் ஓடும் வண்டியின் பட்டையைவிட ஆயுள் குறைவு. அறுத்து வளைத்துத் துளையிட்ட பட்டைக்குச் சாயம் பூசாமல் பூட்டுவது இந்தக் கரையில் செய்யக்கூடாத காரியம். முக்கியமாக வளைவின் உட்பக்கமும் துளையின் விளிம்பும் சாயம் காணவேண்டும், வெடிப்பு பிறப்பது அங்கேதான்.

வெடித்த பிறகும் செய்ய ஒன்று உண்டு. வெடிப்பின் நுனியில் ஒரு துளை போடும் பழக்கம் எல்லாக் கராஜ்களிலும் இருக்கிறது, ஏன் என்பதை 1913இல் கணக்காக எழுதிக் காட்டியவர் கேம்பிரிட்ஜின் சார்ல்ஸ் இங்லிஸ். ஒரு தகட்டில் உள்ள பிளவின் நுனி எவ்வளவு கூர்மையோ, அவ்வளவுக்கு அங்கே தகைப்பு குவிகிறது. 40 மில்லிமீற்றர் நீளப் பிளவு, நுனியின் வளைவு ஆரம் ஒரு மில்லிமீற்றரில் இருபதில் ஒன்று என்றால், நுனியில் தகைப்பு மற்ற இடத்தைப் போல 41 மடங்கு. இரு நுனியிலும் 3 மில்லிமீற்றர் துளை போட்டால் அது எட்டு மடங்கு அளவுக்கு இறங்கிவிடும். துளை சரியாக நுனியில் விழவேண்டும், கொஞ்சம் முன்னே விழுந்தாலும் பரவாயில்லை, பின்னே விழுந்தால் பயனில்லை. அதன் பிறகு உட்புறமாக ஒட்டு. ஃபைபர் கிளாஸ் கவராக இருந்தால் மன்னார்க் கரையில் அதற்கு ஆள் தேடி அலைய வேண்டாம். பள்ளிமுனையிலும் வங்காலையிலும் கரையேற்றி வைத்திருக்கும் படகுகளின் உடலும் அதே கண்ணாடி நார், அதே பிசின். படகுக்கு ஒட்டுப் போடத் தெரிந்தவர் கவருக்கும் போடுவார். ஏபிஎஸ் பிளாஸ்டிக்குக்கு அந்தப் பிசின் நன்றாகப் பிடிக்காது, அதற்குத் தனிப் பசை வேண்டும்.

அதே இங்லிஸ் பின்னாளில் ரயில் பாலங்களின் அதிர்வு பற்றி ஒரு பெரிய கணித நூல் எழுதினார், 1934இல். தலைமன்னாருக்கு எதிர்க்கரையில், பாக்கு நீரிணைக்கு அப்பால் நிற்கும் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது அவருடைய பிளவுக் கணக்கு வெளிவந்ததற்கு அடுத்த ஆண்டு, 1914 பெப்ரவரியில். அங்கும் இதே காற்று, இதே உப்பு. காற்று மணிக்கு 58 கிலோமீற்றரைத் தாண்டினால் ரயிலை நிறுத்திவிடும் ஏற்பாடு அந்தப் பழைய பாலத்தில் இருந்தது. 2022 டிசெம்பரில் அதில் ரயில் ஓட்டம் நிறுத்தப்பட்டது. பக்கத்தில் கட்டிய புதிய பாலம் 2025 ஏப்ரல் 6இல் திறந்தது.

நட்டுகள் தாமாகக் கழல்வதைப் பற்றியும் கொஞ்சம். ஜெர்மனியின் கெர்ஹார்ட் யுங்கர் 1969இல் காட்டியது இது: போல்ட்டின் நீளவாக்கில் உதறுவதைவிட, பக்கவாட்டில் உதறும்போதுதான் நட்டு வேகமாகக் கழல்கிறது. பக்கவாட்டில் வழுக்கும் அந்தக் கணத்தில் புரியில் உராய்வுப் பிடி விட்டுப்போகிறது. நாம் நம்பியிருக்கும் ஸ்பிரிங் வாசர் இதற்கு எதிராக அவ்வளவு உதவுவதில்லை. உள்ளே நைலோன் வளையம் வைத்த நட்டு உதவும். புரியில் ஊற்றும் திரவப் பசையும் உதவும், ஆனால் அது ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில் ஒழுகினால் சில நாட்களில் அந்த இடம் தானாக வெடிக்கும். பிளாஸ்டிக்கைத் தொடும் போல்ட்டுக்கு நைலோன் நட்டே நல்லது.

கடைசியாக, உயிரோடு சம்பந்தப்பட்ட ஒன்று. மேலே சொன்னதெல்லாம் சட்டகத்தில் பூட்டும் கவருக்கு. கைபிடியிலோ முன் கவைக்கோலிலோ பூட்டும் உயரமான வைசர் வேறு சாதி. அது ஸ்டியரிங்கோடு சேர்ந்து திரும்புவதால் காற்றின் தள்ளு நேராகக் கைபிடிக்கே போகிறது. ரொபின் ஷார்ப் 1971இல் மோட்டார் சைக்கிளின் நிலைப்பை ஆராய்ந்தபோது அதற்கு மூன்று இயல்பான அசைவுகள் இருப்பதைக் கணக்கில் காட்டினார்: ஒரு பக்கம் மெதுவாகச் சரிவது, முழு வண்டியும் பாம்பாக நெளிவது, முன்சில்லு மட்டும் துடிப்பது. இந்தத் துடிப்பு நொடிக்கு ஆறு முதல் பத்து முறை வரை இருக்கும், கைகள் அதைத் திருத்த நினைக்கும் வேகத்தைவிட அது வேகமானது. முன்கவையில் பாரத்தையும் காற்றுப் பரப்பையும் கூட்டுவது இந்த அசைவுகளில் கைவைப்பது. நாற்பது கிலோமீற்றர் எதிர்க்காற்றில் அறுபதில் ஓடும்போது, ஒன்றரை அடிக்கு ஓரடி வைசர் ஒன்றில் விழும் சுமை ஆறு கிலோவைத் தாண்டும். அதே பரப்பில் சோளகம் பக்கவாட்டாக அடித்தால் அது கைபிடியைத் திருப்பப் பார்க்கும்.

ஆகவே அந்த வைசரைப் பூட்டத்தான் வேண்டும் என்றால், முதலில் அதைச் சட்டகத்துக்கு மாற்ற வழியுண்டா என்று பாருங்கள். இல்லையென்றால் கண் மட்டத்துக்குக் கீழே வரும்படி வெட்டிக் குறையுங்கள். தொலைபேசி தாங்கியை அதன்மேல் ஏற்றாதீர்கள். எஞ்சின் அதிர்வு தொலைபேசிக் கமெராவின் உறுதிப்படுத்தும் பொறியைக் கெடுக்கக்கூடும் என்று ஆப்பிள் நிறுவனமே 2021இல் எச்சரித்திருக்கிறது. பூட்டியபின் முதல் ஓட்டம் எருக்கலம்பிட்டிப் பக்கம் பனை மறைவுள்ள வீதியில், காற்றடங்கிய காலைப்பொழுதில் இருக்கட்டும். ஐம்பதில் கைபிடி கொஞ்சமேனும் துடித்தால், எரிபொருளை மெதுவாகக் குறைத்து வேகத்தை இறக்குங்கள், பிரேக்கைப் பட்டென்று பிடிக்க வேண்டாம். அந்த வைசரைக் கழற்றாமல் கடல்வழிப் பாலத்தில் ஏறக்கூடாது.